மூன்றாவது பெட்டி

மண்டைதீவில் ஃபைபர் வயர் வந்து முடிகிற வீடு
சந்தியோகுவினுடையது.
அதற்கு அப்பால் மணல், கண்டல் பற்றை,
முழங்காலளவு கடல்.
கடலுக்குள் கம்புகளின் மேல்
அட்டைப் பண்ணைக் காவல் குடில்.
அங்கே ஒரு கமெரா பார்க்க வேண்டும்.
அது பார்ப்பதை இவர்
கட்டிலில் படுத்தபடி பார்க்க வேண்டும்.

"எத்தினை பெட்டி தம்பி?"
நாலு, என்றேன்.
"வயரில்லாத சாமானுக்கு நாலு பெட்டியோ?"

முதலாவது அவர் கூரையில்.
இரண்டாவது ஐஸ் வாடித் தகரத்தின் மேல்.
வெயில் முழங்காலைச் சுட்டது,
கீழே ஐஸ் உடைக்கிற சத்தம்.
மூன்றாவதுக்கு இடம் கிடைக்கவில்லை.
கண்டல் குறுக்கே நின்றது,
ஈர இலை அலையைக் குடித்துவிடும்.
உயரமாய் ஒரே வீடு:
மதலேனக்காவின் பாதி கட்டிய மேல்மாடி,
கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி.

சந்தியோகு அவவோடு கதைப்பதில்லை.
ஏனென்று நான் கேட்கவில்லை.
பெட்டி பூட்ட அந்தக் கதை வேண்டாம்.

"கறண்ட் எவ்வளவு குடிக்கும்?"
சின்ன பல்ப் அளவும் இல்லை, அக்கா.
"எனக்கும் வருமோ நெற்?"
வரும்.
"அப்ப பூட்டு."

பெட்டிகளுக்கு ஒரு முறை உண்டு.
இரண்டாவதின் எண்ணை மூன்றாவதில் எழுத வேண்டும்,
மூன்றாவதின் எண்ணை இரண்டாவதில்.
ஒரு பக்கம் மட்டும் எழுதினால்
எவ்வளவு கிட்ட இருந்தாலும்
அவை அந்நிய ஆட்கள்.
பன்னிரண்டு எழுத்து.
பி என்பதை எட்டு என்று அடித்து
எனக்கு அரை நாள் போனது.

ஒவ்வொரு தாவலிலும் வேகம் பாதி.
சந்தியோகு வீட்டில் புறப்படுவதில்
எட்டில் ஒரு பங்குதான் குடிலுக்குப் போகும்.
அட்டைக்கு அது காணும்.
அட்டை எங்கேயும் அவசரப்பட்டதில்லை.
மாலையில் றொபின்சன் குடிலில் நின்று
சாரத்தை அவிழ்த்து வீசிக் காட்டினான்:
வந்திட்டுது.

ஐந்தாம் நாள் போன்.
"பத்து மணிக்குப் பிறகு கடல் இல்லை."
ஆறாம் நாளும் இல்லை.
விடிய ஐந்துக்குத் திரும்பி வருகிறதாம்.
"அவதான் நிப்பாட்டுறா. வேணுமெண்டு."

இரவோடு இரவாகப் பாலத்தால் வந்தேன்.
மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில்
இரண்டு பக்கமும் தண்ணீர் கறுப்பாய்.
அவ முழிப்பாக இருந்தா.
மேலே பெட்டிக்கு மின் அனுப்பும் குட்டி அடப்ரர்
அறைச் சுவரில், பிளக் கழற்றியபடி தொங்கியது.

பில்லுக்காகவோ அக்கா?

"இல்லை. உது சிமிட்டுது.
இருட்டுக்குள்ள ஒண்டு பச்சையா சிமிட்டினா
எனக்கு நித்திரை வராது."

பிறகு அவ ஒன்றும் சொல்லவில்லை.
கடல் பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அடித்திருந்தது.
துருப்பிடித்த ஆணிகள்
சுவரில் கீழ்நோக்கி ஒழுகியிருந்தன.
அவற்றைப் பார்த்தேன்,
பிறகு பார்க்காதவன் போல
பையைக் கிளறினேன்.

கறுப்பு ரேப்,
இரண்டு விரற்கடை.
பல்லால் கடித்துக் கிழித்து
ஒளியின் மேல் ஒட்டினேன்.
பிளக்கைக் குத்தினேன்.
"லைற்றை நூர்த்துப் பாப்பம்."
நூர்த்தோம்.
ரேப்புக்குக் கீழே அது
சிமிட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.
எங்களுக்கு முழு இருட்டு.
அவ மூச்சு விடுவது கேட்டது,
ஐஸ் வாடி மெசின் கேட்டது.
கனநேரம் கழித்து
"ஓம்" என்றா.

படியிறங்க முதல் சந்தியோகுவின் போன்.
"கடல் வந்திட்டுது! என்னவாம் அவ?"
ஒண்டுமில்லை, வயர் லூஸ், என்றேன்.
பில்லில் நாலு பெட்டி எழுதினேன்,
நாற்பது மீற்றர் வயர், பெற்றோல்.
ரேப் எழுதவில்லை.

என் போனிலும் ஒருக்கால் திறந்து பார்த்தேன்:
சாம்பல் நிறக் கடல், கட்டம் கட்டமாக.
பட்டிக் கம்பில் ஒரு கொக்கு
தலையைத் திருப்பத் தொடங்கி
பாதியில் நின்று
பிறகு திடீரென்று திருப்பி முடித்திருந்தது.
எட்டில் ஒரு பங்கு கொக்கு.